கிளிமஞ்சாரோவில் 5,150 மீட்டரில் திரும்பி வந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உச்சியைத் தொடவில்லை. கிளிமஞ்சாரோவின் உச்சி 5,895 மீட்டர். நான் திரும்பியது ஹான்ஸ் மேயர் குகை என்று சொல்லப்படும் ஒரு பாறைப் பொந்தின் வாசலில், சுமார் 5,150 மீட்டரில், விடியற்காலை மூன்று மணிக்கு, என் பூட்ஸ் மேலேயே வாந்தி எடுத்துவிட்டு. மூன்று மாதச் சம்பளம், ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைத்த விடுமுறை, இரண்டு கால் பெருவிரல் நகங்கள், இவ்வளவும் போச்சு. ஏறிவிட்டு வந்தவர்கள் எழுதுவதுதான் எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது, உச்சிப் பலகைக்குப் பக்கத்தில் கையை விரித்து நிற்கும் படத்தோடு. பாதியில் இறங்கியவர்கள் வாயே திறப்பதில்லை. நானும் எட்டு மாதம் திறக்கவில்லை. யாராவது கேட்டால் "வானிலை சரியில்ல" என்று சொல்லி வைத்தேன். உண்மையில் அன்றைக்கு வானிலை அருமை, ஒரு மேகம் கிடையாது.

எனக்கு 41 வயது. பத்து வருடமாக ஓடுகிறேன், 21 கிலோமீட்டர் ஓட்டங்கள் ஏழெட்டு முடித்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் 2,600 மீட்டருக்கு மேல் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை. கிளிமஞ்சாரோவைத் தேர்ந்தெடுக்க நான் கண்டுபிடித்த காரணம் எல்லாரும் சொல்லும் காரணம்தான்: கயிறு வேண்டாம், பனிக்கோடாலி வேண்டாம், நடந்தே ஏறிவிடலாம். அது பொய்யில்லை. ஆனால் நடந்தே ஏறலாம் என்பதை என் மூளை சுலபமாக ஏறலாம் என்று எடுத்துக்கொண்டது. மலையேறத் தெரிந்தவர்கள் மட்டும் போகும் மலைகளில், அந்தத் தொழில்நுட்பமே ஒரு சல்லடை மாதிரி ஆயத்தமில்லாதவர்களை வடிகட்டிவிடும். இங்கே அந்தச் சல்லடை கிடையாது. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் கிட்டத்தட்ட ஆறாயிரம் மீட்டர் வரை நடந்து போகலாம், அந்த உயரத்தின் காற்று மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மலைக்கு ஏற ஆறேழு பாதைகள் இருக்கின்றன. நான் எடுத்தது மராங்கு, எல்லாவற்றிலும் பழையது, வழியெங்கும் கட்டில் போட்ட குடில்கள் இருப்பதால் கூடாரத்தில் படுக்க வேண்டாம். ஐந்து நாள் திட்டம், ஆறு நாள் திட்டம் என்று இரண்டு இருந்தது. லெமோஷோ என்ற இன்னொரு பாதையில் எட்டு நாள். நான் ஐந்து நாளை எடுத்தேன், ஏனென்றால் அதுதான் மலிவு. ஏன் மலிவு என்று அப்போது யோசிக்கவில்லை. அங்கே தேசியப் பூங்காக் கட்டணம் நாள் கணக்கில் வசூலிக்கப்படுகிறது, தங்குவதற்குத் தனியாக இரவுக் கணக்கு. 1991 முதல் வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது என்பது விதி. ஆக ஒவ்வொரு கூடுதல் நாளுக்கும் பூங்காக் கட்டணம், வழிகாட்டி, சமையல்காரர், சுமைதூக்குபவர்கள் என எல்லாச் செலவும் கூடும். நாளைக் குறைத்தால்தான் நிறுவனத்தால் விலையைக் குறைத்துக் காட்ட முடியும். அதாவது விலைப் பட்டியலில் நம் கண்ணுக்கு அழகாகத் தெரியும் திட்டம்தான், உச்சிக்குப் போகும் வாய்ப்பு குறைவான திட்டம். நான் விசாரித்த நிறுவனம் "நீங்க ஓடுறவங்க, உங்களுக்கு அஞ்சு நாளே தாராளம்" என்றது. கேட்கச் சுகமாக இருந்தது, உடனே முன்பணம் கட்டினேன். அக்காவிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி: "அஞ்சு நாள்னா ஏற எத்தன, எறங்க எத்தன?" நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன், எனக்கே தெரியாது.

ஏற மூன்றரை, இறங்க ஒன்றரை. இந்தக் கணக்கைத்தான் முன்பணம் கட்டுவதற்கு முன் போட்டிருக்க வேண்டும், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். எந்த மலையாக இருந்தாலும் சரி, பயணத் திட்டத்தை வாங்கி, எத்தனை கிலோமீட்டர் நடை, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பதை மட்டும் ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். உயர மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் வரம்பு, 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். என் திட்டத்தில் முதல் இரவு மண்டாரா குடில், 2,720 மீட்டர். இரண்டாம் இரவு ஹொரொம்போ, 3,720. மூன்றாம் நாள் கிபோ குடில், 4,720. அன்று நள்ளிரவே உச்சிக்குக் கிளம்ப வேண்டும், இன்னும் 1,200 மீட்டர். படிக்கட்டு ஆயிரம் ஆயிரமாக இருக்கிறது, நான் அதைப் பார்த்துவிட்டு "அட, ஒழுங்கான வரிசையா இருக்கே" என்று வேறு நினைத்தேன். ஆறு நாள் திட்டத்தில் ஹொரொம்போவில் கூடுதலாக ஓர் இரவு உண்டு, பகலில் இன்னும் மேலே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுப்பார்கள். லெமோஷோ, மச்சாமே பாதைகளில் இதைவிட நல்ல ஏற்பாடு: லாவா டவர் என்ற இடத்துக்கு, சுமார் 4,600 மீட்டர், ஏறிவிட்டு அன்று ராத்திரி 4,000 மீட்டருக்குக் கீழே இருக்கும் பரான்கோவில் இறங்கித் தூங்குவார்கள். உயரத்தில் நடந்துவிட்டுத் தாழ்வில் தூங்குவது. உடம்பு பழகுவது இப்படித்தான்.

உடம்பு எதற்குப் பழக வேண்டும் என்பதும் எனக்குத் தப்பாகத்தான் தெரிந்திருந்தது. மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறையும் என்று நினைத்திருந்தேன். சதவீதம் எங்கேயும் அதே 21 தான். குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டர் வாக்கில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. அதனால் ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதி. உடம்பு இதை வேகமாக மூச்சு விட்டுச் சமாளிக்கப் பார்க்கும், அப்படி வேகமாக விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் அமிலச் சமநிலை மாறும், சிறுநீரகங்கள் அதைச் சரிக்கட்ட வேண்டும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். நம் ஓட்டப் பயிற்சிக்கும் சிறுநீரகத்தின் வேகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பத்து வருடம் ஓடியவளுக்கும் ஓடாதவளுக்கும் அது அதே நிதானத்தில்தான் வேலை செய்யும். சொல்லப் போனால் ஓடுகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று எனக்குப் படுகிறது, காலில் தெம்பு இருப்பதால் வேகமாக ஏறிவிடுகிறோம்.

சரி, கிளம்புவதற்கு முன் என்ன செய்தேன்? நான்கு மாதம் இருந்தது. நான்கு மாதமும் சாமான் வாங்கினேன். ஒரு பெரிய இறகு ஜாக்கெட், அதைத் தேடுவதற்கு மட்டும் மூன்று வாரம் போனது. ஆறாவது நாளுக்கான கூடுதல் தொகை அந்த ஜாக்கெட்டின் விலையைவிடக் குறைவு. இதைத் திரும்பி வந்த பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. தடித்த ஜாக்கெட்டும் குளிர் தாங்கும் தூங்கும் பையும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. சொந்தமாக வாங்க வேண்டியவை உடம்போடு ஒட்டுபவை மட்டும்: பூட்ஸ், காலுறை, உள்ளாடை, தலைவிளக்கு. தூங்கும் பையை வாடகைக்கு எடுக்கும்போது அதில் இரண்டு வெப்பநிலை எழுதியிருக்கும், ஒன்று வசதியாகத் தூங்கக்கூடியது, இன்னொன்று தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லை. முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பருத்தித் துணி எதுவும் வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயவே காயாது.

பயிற்சி என்று நான் செய்தது வழக்கமான ஓட்டம்தான், கொஞ்சம் கூட்டினேன். மலையில் தேவைப்பட்டது வேறு. முதுகில் ஏழெட்டு கிலோ பையோடு ஆறு ஏழு மணி நேரம் மெதுவாக, சலிப்பாக நடக்கும் பழக்கம், அதுவும் அடுத்தடுத்த நாட்களில். அப்புறம் இறக்கம். இறங்குவதற்குப் பயிற்சி வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, இறங்குவதில் என்ன இருக்கிறது என்று. மாடிப்படியில் ஏறுவதைவிட, பையோடு இறங்குவதுதான் தொடையின் முன்பக்கத்தைப் பதம் பார்க்கும், அதைத்தான் பழக்க வேண்டும். பூட்ஸ் விஷயத்திலும் இதே தப்பு. கடையில் சமதரையில் நடந்து பார்த்து வாங்கினேன், காலுக்குக் கச்சிதமாக இருந்தது. கச்சிதமாக இருக்கவே கூடாது. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறை போட்டுக்கொண்டு, ஒரு சரிவில் இறங்கிப் பார்க்க வேண்டும். விரல் முன்பக்கம் இடித்தால் அந்தப் பூட்ஸ் வேண்டாம். இறங்கும் நாளில் அந்த இடி ஆயிரக்கணக்கான தடவை விழும். என் நகங்கள் போனது அப்படித்தான்.

முதல் நாள் வாசலில் வழிகாட்டி அறிமுகமானார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருக்கலாம், என்னை "டாடா" என்று கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு. சுவாஹிலியில் டாடா என்றால் அக்கா, சகோதரி என்று விளக்கினார், எங்கள் ஊரில் டாடா என்றால் போய்வருகிறேன் என்று நானும் சொன்னேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு மூன்றாம் நாள் ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது. அவர் ஓயாமல் சொன்ன இன்னொரு சொல் "போலே போலே", மெதுவா மெதுவா. அந்த மலையில் போகிற வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், ஒரு நாளில் நூறு தடவை காதில் விழும். காடு அழகாக இருந்தது, குரங்குகள் இருந்தன, எனக்குக் கால் பரபரத்தது. அவரை முந்திப் போய் வளைவில் நின்று காத்திருந்தேன், பெருமையாக. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதே நடையில் வந்து, "போலே போலே, டாடா" என்று கடந்து போனார். சரியான வேகம் எது என்பதற்கு அவர் பிறகு ஓர் அளவு சொன்னார்: வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு நடக்க முடிய வேண்டும், பேச்சு தடைபடக் கூடாது. வாய் திறந்துவிட்டால் வேகம் அதிகம். மேலே போகப் போக இந்த அளவே மாறாமல் வேகம் தானாகக் குறையும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஹொரொம்போவில் தலைவலி ஆரம்பித்தது. புருவத்துக்கு மேலே, ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்ட மாதிரி. வழிகாட்டி தினமும் சாயங்காலம் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்: தலைவலி? குமட்டல்? தலைசுற்றல்? சாப்பாடு இறங்குதா? ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்வார். "தலைவலி?" என்றார். "இல்லை" என்றேன். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். யாரும் என்னை மிரட்டவில்லை. கேட்டவருக்கு என் உயிரைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு லாபம் கிடையாது. ஆனால் கட்டிய பணம், எடுத்த விடுமுறை, அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தது, இது எல்லாம் சேர்ந்து வாயில் உட்கார்ந்து "இல்லை" என்று சொல்ல வைத்தது. ஐந்து நாள் திட்டத்தின் உண்மையான கோளாறும் இதுதான். தலைவலி என்று ஒத்துக்கொண்டால் அங்கேயே ஒரு நாள் தங்கிப் பார்க்கலாம் என்று சொல்ல அதில் இடமே இல்லை. ஒத்துக்கொண்டால் பயணம் முடிந்தது. அப்படிப்பட்ட திட்டத்தில் மனுஷி பொய்தான் சொல்வாள்.

அன்று ராத்திரி தூக்கம் வந்த மாதிரி வந்து, மூச்சே நின்றுபோய்த் திடுக்கிட்டு எழுந்து பெரிதாக மூச்சு வாங்குவேன். திரும்பவும் அதே. செத்துவிடப் போகிறேன் என்று பயந்துபோனேன். உயரத்தில் தூங்கும்போது மூச்சு இப்படி நின்று நின்று வருவது பலருக்கும் சகஜம் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பயமாவது இருந்திருக்காது. பையில் அசிட்டாசோலமைடு இருந்தது, டயமாக்ஸ் என்ற பெயரில் தெரிந்திருக்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்ததுதான், 125 மில்லிகிராம், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே காலையும் மாலையும் ஒன்று என்று. மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவது ஏதோ ஏமாற்று வேலை என்ற எண்ணத்தில் நான் தொடவே இல்லை. அது தலைவலியை மறைக்கும் மாத்திரை இல்லை, மேலே சொன்னேனே, சிறுநீரகம் செய்ய வேண்டிய சரிக்கட்டல், அதைத் துரிதப்படுத்தும் மருந்து. விரல் நுனி சுருசுருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா கலந்த பானம் சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டில் இரண்டு நாள் போட்டுப் பார்ப்பது நல்லது, எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் முதல் மாத்திரையைப் போட்டது கிபோ குடிலில், உச்சிக்குக் கிளம்ப ஆறு மணி நேரம் இருக்கும்போது. பலன் என்னவென்றால் உறையும் குளிரில் நான்கு தடவை கழிப்பறைக்கு நடந்தேன்.

மூன்றாம் நாள் பாதை மவென்சி சிகரத்துக்கும், உச்சி இருக்கும் கிபோ சிகரத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பாலைவெளி. செடி கிடையாது, கல்லும் தூசியும்தான், போக வேண்டிய குடில் தூரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும், கிட்டவே வராது. போய்ச் சேர்ந்ததும் வழக்கம்போல ஒரு தட்டு நிறையச் சோளப்பொரியும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் இரண்டு நாளும் அந்தத் தட்டை ஒருத்தியாகக் காலி செய்தவள் நான். அன்றைக்கு அந்த வறுத்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் வயிறு புரட்டியது, தட்டை நகர்த்தி வைத்தேன். சமையல்காரர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு வழிகாட்டியைப் பார்த்தார். ஆக்சிமீட்டர் 76 காட்டியது. வழிகாட்டி என் விரலைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினார், 81. விரல் குளிர்ந்திருந்தால் அது தப்பாகக் காட்டும். எண் எப்படியும் அந்த உயரத்தில் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து மட்டும் முடிவு எடுப்பதில்லை, சாப்பிடாமல் விட்ட தட்டுதான் தனக்குப் பெரிய எண் என்றார். "தலைவலி?" "கொஞ்சம்." அதுவும் பொய்தான், பாதிப் பொய்.

ராத்திரி பதினொன்றரைக்குக் கிளம்பினோம். உச்சிக்கு நள்ளிரவில் கிளம்புவது விடியும்போது மேலே இருக்கலாம் என்பதற்காக. உறைந்த சரளை பகலைவிடக் காலுக்குப் பிடி கொடுக்கும் என்பதும் ஒன்று. தலைவிளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகும் பூட்ஸின் குதிகால் மட்டும் தெரியும். அரை மணியில், முதுகுப் பையிலிருந்து வாய்க்கு வரும் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது, உறிஞ்சினால் ஒன்றும் வரவில்லை. அகன்ற வாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, தலைகீழாக, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், பனி மேலிருந்து கட்டுவதால் வாய்ப்பக்கம் உறையாது. என் பாட்டில் பையின் வெளிப்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கைபேசியும் செத்துப்போனது, பேட்டரியை உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும் என்று தெரியாது. ஆனால் இவையெல்லாம் சில்லறை. ஒரு மணிக்கு மேல் என் கால்கள் நான் வைத்த இடத்தில் விழவில்லை. வலப்பக்கம் வைக்க நினைத்தால் இடப்பக்கம் போகிறது. எனக்கு அது பெரிதாகவே படவில்லை, அதுதான் கொடுமை, எதுவுமே பெரிதாகப் படவில்லை.

குகை வாசலில் வாந்தி எடுத்த பிறகு வழிகாட்டி என்னை நிமிர்த்தி, தரையில் ஊன்றுகோலால் ஒரு கோடு போட்டார். ஒரு குதிகாலை இன்னொரு பெருவிரலோடு ஒட்டி வைத்து அந்தக் கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சரிந்தேன், அவர் தோளைப் பிடித்தார். இன்னொரு தடவை. இரண்டாவது அடியில். "டாடா, இறங்கலாம்" என்றார். நான் கத்தினேன். எவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன் தெரியுமா என்றேன், இன்னும் 700 மீட்டர்தானே என்றேன், பக்கத்தில் போய்க்கொண்டிருந்த வயதானவரைக் காட்டி அவர் போகிறாரே என்றேன். வழிகாட்டி ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் என் பையைக் கழற்றித் தன் முன்பக்கம் மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கீழ்ப்பக்கம் திருப்பினார். அப்போதுதான் அந்த டாடா ஞாபகம் வந்து, அழுதுகொண்டே சிரித்தேன்.

கிபோ குடிலில் நிற்கக்கூட விடவில்லை, நேராக ஹொரொம்போ. காலையில் 4,000 மீட்டருக்குக் கீழே வந்தபோது யாரோ தலையிலிருந்து அந்த ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்ட மாதிரி இருந்தது. பதினோரு மணிக்குப் பசித்தது. எதற்கும் மசியாத தலைவலி ஆயிரம் மீட்டர் இறக்கத்துக்கு மசிந்தது. தலைவலியோடு குமட்டலோ, அசதியோ, தலைசுற்றலோ சேர்ந்தால் அது உயர நோய் என்றே வைத்துக்கொண்டு மேலே ஏறாமல் அங்கேயே நிற்க வேண்டும், கூடினால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மூளையில் நீர் கோத்துக்கொள்ளும் அறிகுறியாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, சளியோடு இருமினாலோ நுரையீரலில். இந்த இரண்டுக்கும் காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது, இருட்டாக இருந்தாலும் இறக்கம்தான். எனக்கு ஆரம்பித்தது இதில் முதலாவது என்று கீழே ஊர் மருத்துவமனையில் சொன்னார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் நான் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மருத்துவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உச்சி போகாததற்காக யாரும் ஒரு பைசா திருப்பித் தர மாட்டார்கள், அது நியாயம்தான். நான் ஏமாந்தது காப்பீட்டில். பயணக் காப்பீடு எடுத்திருந்தேன், மருத்துவமனைச் செலவுக்கு விண்ணப்பித்தேன், நிராகரித்துவிட்டார்கள், 4,000 மீட்டருக்கு மேல் செல்லாது என்று பதினாறாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. என் செலவு சின்னதுதான், ஹெலிகாப்டர் வந்திருந்தால் வீட்டையே அடகு வைத்திருக்க வேண்டும். எத்தனை மீட்டர் வரை செல்லும், மீட்பும் ஹெலிகாப்டரும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். கிளிமஞ்சாரோ என்றால் 6,000 மீட்டர் என்று இருக்க வேண்டும். வழிகாட்டிக்கும் சுமைதூக்குபவர்களுக்கும் தரும் அன்பளிப்பும் என் கணக்கில் இல்லை, அங்கே அது எதிர்பார்க்கப்படும் வருமானம், மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு வரை தனியாக எடுத்து வைக்க வேண்டும். நான் கையில் இருந்ததை எல்லாம் எண்ணிக் கொடுத்தேன், அப்படியும் குறைவாகத்தான் கொடுத்தேன், அந்தக் கூச்சம் இன்னும் இருக்கிறது. நிறுவனத்தைத் தேடும்போது, அது கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் புராஜெக்ட் என்ற அமைப்பின் பங்காளியா என்று பாருங்கள், சுமைதூக்குபவர்களுக்குக் கூலியும் சாப்பாடும் ஒழுங்காகத் தருகிறார்களா என்பதைக் கவனிக்கும் அமைப்பு அது. அவர்களிடம் கஞ்சத்தனம் காட்டும் நிறுவனம் நம் பாதுகாப்பில் மட்டும் தாராளமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அந்தக் குகைக்குப் பெயர் கொடுத்த ஜெர்மானியப் புவியியலாளர் ஹான்ஸ் மேயரைப் பற்றித் திரும்பி வந்து படித்தேன். 1887-இல் அவரும் உச்சிக்குப் போகாமல் இறங்கியவர்தான். 1889-இல் லுட்விக் புர்ட்ஷெல்லர் என்ற ஆஸ்திரிய மலையேறியுடன் போனபோது மலையிலேயே முகாம்களைப் போட்டு, சாப்பாடு மேலே வந்துகொண்டே இருக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு, மேலேயே நாள்கணக்கில் தங்கி முயன்றார், அக்டோபர் 6-ஆம் தேதி உச்சியைத் தொட்டார். 1889-இலேயே தெரிந்திருக்கிறது.

அடுத்த வருடம் மறுபடி போகிறேன். இந்தத் தடவை முதலில் பக்கத்தில் இருக்கும் மேரு மலை, அது 4,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நான்கு நாள். அதில் என் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளிமஞ்சாரோ. முதல் முறை உயரத்துக்குப் போகிறவர்கள் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன், நாலாயிரம் சொச்சத்தில் ஒரு மலை, தேவைப்பட்டால் அன்றைக்கே இறங்கிவிடக்கூடிய பாதை, கையில் ஒரு நாள் உபரி. வாரம் மூன்று நாள் பையில் பத்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குகிறேன், ஏறுவதற்கு மின்தூக்கி. அக்கா பார்த்துவிட்டு, எல்லாரும் செய்வதைத் தலைகீழாகச் செய்கிறாய் என்கிறாள். புது நிறுவனத்துக்கு எழுதியபோது ஏழு நாளா எட்டு நாளா என்று கேட்டார்கள், எட்டு என்றேன். எட்டாவது நாளுக்கான பணத்துக்கு அந்த ஜாக்கெட்டை விற்கப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு ராத்திரி போட்டது.